அடிக்காப்புத் தகடு (தானுந்து)

அடிக்காப்புத் தகடு என்பது தானுந்தின் பொறிக்கும் பல்லிணைப் பெட்டிக்கும் கீழே, சாலையை நோக்கிய பக்கத்தில் பொருத்தப்படும் மூடி ஆகும். சாலையிலிருந்து தெறிக்கும் நீர், சேறு, கல், உப்பு ஆகியவை பொறிக்கூட்டினுள் புகாமல் தடுப்பதும், வண்டியின் அடியில் செல்லும் காற்றைச் சீராக ஓடச் செய்வதும், பொறியின் இரைச்சல் வெளியே பரவுவதைக் குறைப்பதும் இதன் முதன்மையான பணிகள் ஆகும். பெரும்பாலான தானுந்துகளில் இது நெகிழியால் ஆனது.

உயவெண்ணெய் மாற்றும்போது கழற்ற வேண்டிய வடி திருகாணியும், பல வண்டிகளில் எண்ணெய் வடிகட்டியும் இத்தகட்டுக்கு மேலே மறைந்திருக்கும். ஆகவே எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு முறையும் தகட்டைக் கழற்றவோ, அதிலுள்ள சிறு கதவைத் திறக்கவோ வேண்டியிருக்கிறது. இது சிறிய வேலைதான். ஆனால் சரியாகச் செய்யாவிட்டால் எண்ணெய்க் கசிவு கண்ணில் படாமல் போதல், நெடுஞ்சாலையில் தகடு கழன்று தொங்குதல், தீப்பற்றுதல் போன்ற பெரிய விளைவுகள் ஏற்படக்கூடும். தகட்டின் அமைப்பையும், எண்ணெய் மாற்றத்தின்போது அதைக் கையாளும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பெயர்கள்

ஆங்கிலத்தில் இதற்கு ஸ்பிளாஷ் கார்டு, ஸ்பிளாஷ் ஷீல்டு, அண்டர் டிரே, பெல்லி பேன், எஞ்சின் அண்டர் கவர் எனப் பல பெயர்கள் உள்ளன. உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர் பெயர் மாறுகிறது. உதிரிப்பாகம் வாங்கும்போது இது குழப்பம் தரலாம். சக்கரத்தின் பின்னால் தொங்கும் சேறு தடுப்பான் (மட் ஃபிளாப்), சக்கரக் குழியின் உட்புறத்தில் உள்ள நெகிழி உறை ஆகியவையும் சில கடைகளில் ஸ்பிளாஷ் கார்டு என்றே விற்கப்படுகின்றன. இக்கட்டுரையில் பொறியின் நேர் கீழே உள்ள தகடு மட்டுமே குறிக்கப்படுகிறது.

அமைப்பும் பொருட்களும்

தகடு ஒரே துண்டாகவோ, இரண்டு மூன்று துண்டுகளாகவோ இருக்கலாம். முன் விளிம்பு முன் முட்டுத் தாங்கியின் (பம்பர்) அடிப்பகுதியுடன் இணையும். பக்க விளிம்புகள் சக்கரக் குழி உறைகளுடன் இணையும். பின் விளிம்பு, பொறியைத் தாங்கும் துணைச் சட்டகத்தில் பிணைக்கப்படும்.

பயன்படும் பொருட்கள் பின்வருமாறு:

* பாலிபுரோப்பிலீன், உயர் அடர்த்திப் பாலிஎத்திலீன்: எடை குறைவு, விலை குறைவு. நீரும் எண்ணெயும் எளிதில் ஊறுவதில்லை. பாலிபுரோப்பிலீன் ஏறத்தாழ 160 பாகை செல்சியசில் உருகும். எனவே வெளியேற்றுக் குழாய்க்கு அருகில் வரும் இடங்களில் அலுமினிய வெப்பத் தடுப்புப் படலம் ஒட்டப்படுகிறது.
* கண்ணாடி இழை கலந்த நெகிழி: நெகிழியும் கண்ணாடி இழையும் கலந்து அழுத்தப்பட்ட பாய் போன்ற பொருள். விறைப்பும் இரைச்சலை உறிஞ்சும் தன்மையும் உடையது.
* இழைக்கம்பளம்: பாலியெசுத்தர் இழைகளை அழுத்திச் செய்வது. இரைச்சலை நன்கு உறிஞ்சும். எண்ணெயையும் அவ்வாறே உறிஞ்சிக்கொள்ளும் என்பது இதன் குறை.
* எஃகு, அலுமினியம்: கரடுமுரடான பாதைகளில் செல்லும் வண்டிகளில், அடிபடும்போது எண்ணெய்த் தேக்கியைக் காக்கப் பொருத்தப்படுகிறது.

பணிகள்

நீரையும் சேற்றையும் தடுத்தல்

பொறியின் முன்புறமோ பக்கவாட்டிலோ ஓடும் வார்ப்பட்டை, மின்னாக்கியையும் குளிர்பதன அமுக்கியையும் சுழற்றுகிறது. தேங்கிய நீரினூடே வண்டி செல்லும்போது இப்பட்டை நனைந்தால் வழுக்கும். சேறும் மணலும் பட்டைக்கும் கப்பிக்கும் இடையே புகுந்தால் இரண்டும் விரைவில் தேயும். மின் இணைப்பிகளில் நீர் தெறித்தால் துரு ஏற்படும். குளிர் நாடுகளில் பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு இத்துருவை விரைவுபடுத்தும். தகட்டின் முதல் பணி இவற்றைத் தடுப்பதாகும். ஆனால் அது நீர் புகாத மூடி அன்று. ஆழமான வெள்ளத்தில் தகட்டால் பயன் எதுவும் இல்லை.

காற்றுத் தடையைக் குறைத்தல்

தானுந்தின் மேற்புறம் வழவழப்பாக இருந்தாலும், அடிப்புறத்தில் பொறி, அச்சு, குழாய்கள் எனப் பல மேடுபள்ளங்கள் உள்ளன. காற்று இவற்றில் மோதிச் சுழலும்போது வண்டியைப் பின்னோக்கி இழுக்கும் விசை கூடுகிறது. இவ்விசை, காற்றின் அடர்த்தி, வேகத்தின் இருமடி, முன்புறப் பரப்பு, இழுவைக் கெழு ஆகியவற்றின் பெருக்குத்தொகையில் பாதி ஆகும்.

எடுத்துக்காட்டாக, முன்புறப் பரப்பு 2.2 சதுர மீட்டரும் இழுவைக் கெழு 0.30-உம் உள்ள ஒரு தானுந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோகிராம் எனில், காற்றுத் தடை ஏறத்தாழ 306 நியூட்டன் ஆகும். அதை வெல்வதற்கு மட்டும் ஏறத்தாழ 8.5 கிலோவாட் திறன் தேவை. இழுவைக் கெழு 0.01 குறைந்தால் தடை 10 நியூட்டனும், தேவைப்படும் திறன் 0.28 கிலோவாட்டும் குறையும். இது சிறிய அளவாகத் தோன்றினாலும், வண்டியின் வாழ்நாள் முழுவதும் கிடைக்கும் சேமிப்பு ஆகும். நகருக்குள் மெதுவாக ஓடும்போது இப்பயன் மிகக் குறைவு; தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதே இதற்குக் காரணம்.

இரைச்சலைக் குறைத்தல்

பொறியின் ஒலி கீழ்நோக்கிச் சென்று சாலையில் பட்டு வெளியே பரவுகிறது. தகடு இவ்வழியை மூடுகிறது. ஐரோப்பாவில், கடந்து செல்லும் தானுந்தின் ஒலிக்கு 1970 ஆம் ஆண்டில் 82 டெசிபல் என்றிருந்த வரம்பு, 1992 ஆம் ஆண்டின் நெறிமுறைப்படி 74 டெசிபலாகக் குறைந்தது. 2014 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஐரோப்பிய ஒன்றிய ஒழுங்குவிதி, அளவிடும் முறையையும் மாற்றி, சாதாரணத் தானுந்துகளுக்கான வரம்பைப் படிப்படியாக 68 டெசிபல் வரை குறைக்க வழிசெய்தது. அடிக்காப்புத் தகடு பரவலானதற்கு இவ்விதிகளும் ஒரு காரணம்.

குளிர்காற்றை வழிப்படுத்தல்

ரேடியேட்டர் வழியே உள்ளே வரும் காற்று, பொறிக்கூட்டிலிருந்து வெளியேறினால்தான் புதிய காற்று உள்ளே வர முடியும். பல வண்டிகளில் தகட்டின் பின்பகுதியில் உள்ள இடைவெளிகள் வழியே இக்காற்று வெளியேறுமாறு வடிவமைக்கப்படுகிறது. தகட்டை அகற்றினால் பொறி நன்றாகக் குளிரும் என்பது பரவலான எண்ணம். எல்லா வண்டிகளிலும் இது உண்மை அன்று. சில வண்டிகளில் தகடு இல்லாதபோது அடியில் செல்லும் காற்று பொறிக்கூட்டினுள் புகுந்து, ரேடியேட்டருக்கு முன்னும் பின்னும் இருக்க வேண்டிய அழுத்த வேறுபாட்டைக் குறைத்துவிடும்.

வரலாறு

தொடக்ககாலத் தானுந்துகள் பலவற்றிலும் சாலைப் புழுதியைத் தடுக்க மெல்லிய எஃகுத் தகடுகள் பொறியின் அடியில் இருந்தன. பின்னர் சாலைகள் சீரானதும் அவை பல வண்டிகளில் கைவிடப்பட்டன.

1983 ஆம் ஆண்டில் வெளிவந்த மெர்சிடிஸ்-பென்ஸ் 190 டி, டீசல் பொறியைச் சுற்றி இரைச்சல் தடுக்கும் உறையைக் கொண்டிருந்தது. அவ்வுறையில் பொறியின் அடிப்புற மூடியும் அடங்கும். 1996 ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டார்சு நிறுவனம் வெளியிட்ட ஈ.வி.1 மின் தானுந்தின் அடிப்புறம் முழுவதும் மூடப்பட்டிருந்தது. அதன் இழுவைக் கெழு 0.19. 1999 ஆம் ஆண்டில் வந்த ஹோண்டா இன்சைட்டும் அடிப்புறத் தகடுகளைப் பயன்படுத்தி 0.25 என்ற அளவை எட்டியது. 2003 ஆம் ஆண்டின் டொயோட்டா பிரியசு 0.26 என்ற அளவையும், அதற்கு அடுத்து 2009 ஆம் ஆண்டில் வந்த தலைமுறை 0.25 என்ற அளவையும் கொண்டிருந்தன. இவற்றைத் தொடர்ந்து, எரிபொருள் சிக்கனத்தை நாடிய சாதாரணக் குடும்பத் தானுந்துகளிலும் முழு அகல நெகிழித் தகடு வழக்கமாயிற்று. இதனால் பொறிக்கு அடியில் எளிதாக எட்டிய வடி திருகாணி மறைந்துபோனது.

பிணைப்பான்களின் வகைகள்

தகட்டைக் கழற்றுவதில் உள்ள சிக்கல்களில் பெரும்பாலானவை பிணைப்பான்களால் வருபவை. ஒரே தகட்டில் இரண்டு மூன்று வகைகள் கலந்திருக்கலாம்.

* அழுத்து கிளிப்: இரு பகுதிகளைக் கொண்ட நெகிழிப் பிணைப்பான். நடு ஊசியைச் சில மில்லிமீட்டர் வெளியே நெம்பினால் கால்கள் சுருங்கி முழுக் கிளிப்பும் வெளியே வரும். சில வகைகளில் மாறாக, நடு ஊசியை உள்ளே அழுத்தினால்தான் கழலும். ஊசியை நெம்பாமல் முழுக் கிளிப்பையும் இழுத்தால் கால்கள் ஒடிந்துவிடும்.
* கால் சுற்றுப் பிணைப்பான்: 90 பாகை திருப்பினால் கழலும். இவ்வகை 1930-களில் வில்லியம் சூசு என்பவரால் வானூர்திகளின் மூடிகளுக்காக உருவாக்கப்பட்டது. ஔடி போன்ற சில நிறுவனங்களின் வண்டிகளில் காணலாம். அரைகுறையாகத் திருப்பினால் பூட்டியது போலத் தோன்றி, ஓட்டத்தில் கழன்றுவிடும்.
* நட்சத்திரத் தலைத் திருகாணி: 1967 ஆம் ஆண்டில் அறிமுகமான டார்க்ஸ் வகை. வோக்ஸ்வாகன் குழும வண்டிகளில் மிகுதி. தலைக்குழியில் சேறு அடைந்திருந்தால் முதலில் அதைக் குத்தி நீக்கிய பிறகே சாவியைச் செலுத்த வேண்டும். இல்லாவிடில் குழியின் விளிம்புகள் மழுங்கிவிடும்.
* அறுகோணத் தலைத் திருகாணி: பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் தலை கொண்டது. துணைச் சட்டகத்தில் பூட்டப் பயன்படும். துரு ஏறியிருந்தால், பற்றவைத்த மரையோடு சேர்ந்து பிய்ந்து வரக்கூடும்.
* கவ்வு மரை: தகட்டின் விளிம்பில் செருகப்படும் மெல்லிய எஃகு மரை. திருகாணியை இறுக்கும்போது இது நழுவி இடம் மாறுவது வழக்கமான தொல்லை.

எண்ணெய் மாற்றத்திற்கு ஏற்ற வடிவமைப்புகள்

தகட்டை முழுவதும் கழற்றாமல் எண்ணெய் மாற்ற உற்பத்தியாளர்கள் சில வழிகளைச் செய்துள்ளனர்.

1. சிறு கதவு: வடி திருகாணிக்கும் வடிகட்டிக்கும் நேர் கீழே தகட்டில் ஒரு கதவு இருக்கும். இரண்டு மூன்று பிணைப்பான்களைக் கழற்றினால் அது கீழே மடங்கும். மூன்றாம் தலைமுறைப் பிரியசு உள்ளிட்ட பல டொயோட்டா வண்டிகளில் இம்முறை உள்ளது.
2. திறந்த துளை: தகட்டில் நிலையான துளை இருக்கும். எண்ணெய் நேராகக் கீழே விழும். காற்றியக்கப் பயன் சற்றுக் குறையும்.
3. மேற்புற வடிகட்டி: வடிகட்டியைப் பொறியின் மேற்புறத்திற்கு மாற்றிவிட்டால், கீழே வடி திருகாணி மட்டுமே எஞ்சும். சுபாரு நிறுவனம் 2010 ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய எஃப்.பி. வகைப் பொறிகளில் வடிகட்டி மேற்புறத்தில், சிந்தும் எண்ணெயைத் தாங்கும் சிறு கிண்ணத்தின் நடுவில் அமைந்துள்ளது.

துளையோ கதவோ இருக்கும் வண்டிகளிலும், எண்ணெய் நேர் செங்குத்தாக விழுவதில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பல எண்ணெய்த் தேக்கிகளில் வடி திருகாணி பக்கவாட்டில் அமைந்துள்ளது. தேக்கி நிறைந்திருக்கும்போது எண்ணெய் பீறிட்டுச் சற்றுத் தள்ளி விழும். வற்றும்போது சுவரோடு வழிந்து இறங்கும். இவ்விரு நிலைகளிலும் தகட்டின் மேல் எண்ணெய் விழ வாய்ப்பு உண்டு.

கழற்றும் முறை

கீழே தரப்பட்டிருப்பது பொதுவான வரிசை. ஒவ்வொரு வண்டிக்கும் உரிய கையேடு கூறும் இடங்களும் அளவுகளுமே இறுதியானவை.

1. சமதளமான, கெட்டியான தரையில் வண்டியை நிறுத்திக் கைத்தடையைப் போட வேண்டும். தூக்கப்படாத சக்கரங்களுக்கு அடைகட்டை வைக்க வேண்டும்.
2. கையேடு குறிப்பிடும் இடத்தில் ஜாக்கியை வைத்துத் தூக்கி, ஜாக்கி ஸ்டாண்டுகளின் மேல் வண்டியை இறக்க வேண்டும். நெகிழித் தகட்டின் மீது ஜாக்கியை வைக்கக்கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் ஒருபோதும் செல்லக்கூடாது.
3. எண்ணெய் இளஞ்சூட்டில் இருக்க வேண்டும். ஓடிய பொறியின் எண்ணெய் 90 முதல் 110 பாகை செல்சியசு வரை இருக்கும். அது தோலைக் கொப்புளிக்கச் செய்யும். வெளியேற்றுக் குழாய் அதைவிடச் சூடானது. நீண்ட ஓட்டத்திற்குப் பின் போதிய நேரம் ஆறவிட வேண்டும்.
4. கழற்றும் முன் பிணைப்பான்களை எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். நீளம் வேறுபட்டால் எது எங்கிருந்தது என்பதையும் குறிக்க வேண்டும். ஓர் ஒளிப்படம் எடுத்து வைப்பது எளிய வழி.
5. தகட்டின் கீழ்ப்புறத்தைத் துடைத்து, ஏற்கெனவே எண்ணெய் கசிந்த தடம் உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.
6. பக்கங்களையும் பின்புறத்தையும் முதலில் கழற்றி, நடுவில் எதிரெதிரே உள்ள இரு பிணைப்பான்களைக் கடைசியாக விட வேண்டும். அவற்றைக் கழற்றும்போது ஒரு கையால் தகட்டைத் தாங்க வேண்டும். தகட்டின் மேல் மணல், சருகு, முன்பு சிந்திய எண்ணெய் ஆகியவை தேங்கியிருக்கலாம். இவை முகத்தில் விழாமல் இருக்கக் கண்ணாடி அணிவது நல்லது.
7. இறக்கிய தகட்டின் மேற்புறத்தைப் பார்க்க வேண்டும். பொறியின் எந்தப் பகுதிக்கு நேர் கீழே ஈரம் உள்ளது என்பதிலிருந்து கசிவின் இடத்தை ஊகிக்கலாம். எண்ணெய் பழுப்பாகவோ கருப்பாகவோ இருக்கும். குளிர்நீர்மம் பச்சை, இளஞ்சிவப்பு போன்ற நிறங்களில் இருக்கும். இவ்வகையில் தகடு ஒரு பதிவேடு போலப் பயன்படுகிறது.

எண்ணெயை வடித்தல்

பொறியின் மேல் உள்ள எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து வைத்தால் எண்ணெய் விரைவாக வடியும். வடி திருகாணியைக் கையால் கழற்றும்போது மேல்நோக்கி அழுத்தியபடியே சுழற்றி, கடைசி மரை விட்டதும் சட்டென்று விலக்கினால் கையில் எண்ணெய் படுவது குறையும்.

திருகாணியைத் திரும்பப் பூட்டும்போது வாஷரை மாற்ற வேண்டும். அலுமினியம் அல்லது செம்பாலான வாஷர் ஒருமுறை நசுங்கி அடைப்பதற்காக உருவாக்கப்பட்டது. பல சிறு தானுந்துகளில் வடி திருகாணிக்கு உரிய முறுக்குவிசை 30 முதல் 40 நியூட்டன் மீட்டர் வரை இருக்கும். எடுத்துக்காட்டாக, பிரியசில் உள்ள 1.8 லிட்டர் பொறிக்கு 37 நியூட்டன் மீட்டர் ஆகும். இதற்கு முறுக்குவிசை காட்டும் சாவியைப் பயன்படுத்த வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் அலுமினியத் தேக்கியின் மரை அழிந்துவிடும். குறைவாக இறுக்கினால் அதிர்வில் தளரும்.

சுழற்றிப் பூட்டும் குப்பி வகை வடிகட்டியைக் கழற்றியதும், அதன் ரப்பர் வளையமும் கூடவே வந்துள்ளதா எனப் பார்க்க வேண்டும். பழைய வளையம் பொறியிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் புதிய வடிகட்டியைப் பூட்டினால் இரு வளையங்களும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். பொறி ஓடும்போது ஏற்படும் எண்ணெய் அழுத்தத்தில் அவை பிதுங்கி, சில நிமிடங்களிலேயே பெருமளவு எண்ணெய் வெளியேறிவிடும்.

தகட்டைப் பூட்டும் முன் செய்ய வேண்டிய சோதனை

எண்ணெய் மாற்றத்தில் மிகவும் தவறவிடப்படும் படி இதுவே. புதிய எண்ணெய் ஊற்றியதும் தகட்டைப் பூட்டி வேலையை முடித்துவிடுவது பலரின் வழக்கம். ஆனால் தகடு பூட்டப்பட்ட பின், கசியும் எண்ணெய் உடனே தரையில் சொட்டாது. அது தகட்டின் பள்ளங்களில் தேங்கும். இழைக்கம்பளமாயின் ஊறி மறையும். உரிமையாளர் தரையைப் பார்த்துக் கசிவு இல்லை என நம்புவார். எண்ணெய் அழுத்த எச்சரிக்கை விளக்கு, அழுத்தம் குறைந்த பிறகே எரியும். அதற்குள் தாங்கிகள் உராயத் தொடங்கியிருக்கும்.

எனவே தகட்டைப் பூட்டும் முன்:

1. பொறியை இயக்கி, எண்ணெய் அழுத்த விளக்கு அணைவதை உறுதிசெய்ய வேண்டும்.
2. ஓரிரு நிமிடங்கள் ஓடவிட்டு நிறுத்த வேண்டும். பொறி ஓடும்போது வண்டியின் அடியில் செல்லக்கூடாது.
3. நிறுத்திய பின், வடி திருகாணியையும் வடிகட்டியின் விளிம்பையும் உலர்ந்த தாளால் துடைத்துப் பார்க்க வேண்டும். தாளில் புதிய ஈரம் இருக்கக்கூடாது.
4. சில நிமிடங்கள் கழித்து, வண்டி சமதளத்தில் நிற்கும்போது அளவுக்கோலால் எண்ணெய் அளவைச் சரிபார்க்க வேண்டும்.

இறுக்கி முடித்த திருகாணியின் தலையில் தொடங்கித் தேக்கி வரை வண்ணத்தால் ஒரு கோடு இடுவது சில பட்டறைகளின் நல்ல வழக்கம். கோடு முறியாமல் இருந்தால் திருகாணி இறுக்கப்பட்டது, அது அசையவும் இல்லை என்பது ஒரே பார்வையில் தெரியும்.

தகட்டில் எண்ணெய் சிந்தினால்

சிந்திய எண்ணெயை அப்படியே விடக்கூடாது. அதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, போலிக் கசிவு. தகட்டில் தேங்கிய 100 மில்லிலிட்டர் எண்ணெய் பல நாட்களுக்குத் துளித்துளியாகச் சொட்டும். இல்லாத கசிவைத் தேடிப் பணமும் நேரமும் செலவாகும். இரண்டாவது, இதற்கு நேர் எதிரானது. பழைய எண்ணெய்தான் சொட்டுகிறது என்று எண்ணி, உண்மையான கசிவைப் பொருட்படுத்தாமல் விட நேரும். மூன்றாவது, தீ. பொறி எண்ணெய் ஏறத்தாழ 200 பாகை செல்சியசுக்கு மேல் எளிதில் தீப்பற்றும் ஆவியை வெளியிடும். வினையூக்கி மாற்றியின் மேற்பரப்பு இதைவிடச் சூடாகக்கூடும். எண்ணெயில் ஊறிய இழைக்கம்பளம் விளக்குத் திரி போலச் செயல்படும். துடைத்த துணியைத் தகட்டின் மேல் மறந்து விடுவதும் இதே ஆபத்தைத் தரும்.

நெகிழித் தகட்டைக் கழற்றிய நிலையில் துணியால் துடைத்து, பாத்திரம் கழுவும் சவர்க்காரமும் நீரும் கொண்டு கழுவி உலர்த்தலாம். பெட்ரோல் கொண்டு கழுவுவது தீ ஆபத்து உடையது. எண்ணெய் ஆழமாக ஊறிய இழைக்கம்பளத் தகட்டை மாற்றிவிடுவதே பாதுகாப்பு.

தகட்டைக் கழற்றாமல் கதவின் வழியே எண்ணெய் மாற்றினால், வடிகட்டிக்குக் கீழே தடித்த தாளையோ அலுமினியப் படலத்தையோ வாய்க்கால் போல மடித்து வைத்து, எண்ணெயை வடிதட்டுக்குள் வழிநடத்தலாம். சிந்திய ஐயம் இருந்தால், வண்டியின் அடியில் ஓர் அட்டையை இரவு முழுவதும் விரித்து வைத்து, அளவுக்கோலில் எண்ணெய் குறைகிறதா என்பதையும் சில நாட்கள் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

திரும்பப் பூட்டும் முறை

முன் விளிம்பு முட்டுத் தாங்கியின் அடியில் இருந்த நிலையிலேயே திரும்பவும் அமர வேண்டும். முன் விளிம்பு கீழே தொங்கினால், ஓட்டத்தில் அது காற்றை வாரிக்கொள்ளும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அகன்ற தகட்டின் மேல் படும் காற்றின் விசை, எஞ்சிய கிளிப்புகளைப் பிய்த்தெறியப் போதுமானது. அவ்வாறு பிய்ந்த தகடு தரையில் உராயலாம், சக்கரத்தில் சிக்கலாம், அல்லது பின்னால் வருபவரின் மீது பறந்து விழலாம். இரு சக்கர வண்டியில் பின்தொடர்பவருக்கு இது உயிராபத்து ஆகும்.

எல்லாத் திருகாணிகளையும் முதலில் கையால் இரண்டு சுற்று ஏற்றிவிட்டு, அதன் பிறகே ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். முதல் திருகாணியையே முழுதும் இறுக்கிவிட்டால் மற்ற துளைகள் நேர் சேராது. நெகிழியில் அமரும் திருகாணிகளுக்கு மிகக் குறைந்த விசையே போதும். கிளிப்புகளை, நடு ஊசி வெளியே நிற்கும் நிலையில் செருகி, பின்னர் ஊசியை அழுத்த வேண்டும். முடிவில், எண்ணி வைத்த பிணைப்பான்களில் எதுவும் கையில் மிஞ்சவில்லை என்பதை உறுதிசெய்ய வேண்டும். தகட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தால் தளர்வு தெரிந்துவிடும்.

ஒடிந்த கிளிப்புக்குப் பதில் நெகிழிக் கட்டுவார் (கேபிள் டை) பயன்படுத்துவது, வீடு சேரும் வரைக்கான ஏற்பாடு மட்டுமே. உலோகக் கம்பியால் கட்டினால் அது அருகிலுள்ள மின்கம்பியையோ குழாயையோ உரசி அறுக்கக்கூடும்.

மாற்று முறைகள்

உறிஞ்சி எடுத்தல்

அளவுக்கோல் செல்லும் குழாய் வழியே மெல்லிய குழலைத் தேக்கியின் அடி வரை செலுத்தி, வெற்றிட எக்கியால் எண்ணெயை உறிஞ்சி எடுக்கலாம். வடிகட்டியும் மேற்புறத்தில் இருந்தால் வண்டியைத் தூக்கவோ தகட்டைத் தொடவோ வேண்டியதில்லை. மெர்சிடிஸ்-பென்ஸ் பொறிகள் பலவற்றுக்கு இம்முறை நன்கு பொருந்துகிறது. ஆனால் சில பொறிகளில் குழல் தேக்கியின் மிக ஆழமான இடத்தை எட்டாது. பழைய எண்ணெய் ஓரளவு தங்கிவிடும். அளவுக்கோலே இல்லாத பொறிகளுக்கு இம்முறை ஏற்றதன்று. மேலும், எப்போதும் உறிஞ்சியே எடுத்தால் வண்டியின் அடிப்புறத்தை யாரும் பார்ப்பதில்லை. கசிவும் துருவும் கவனிக்கப்படாமல் போகும்.

தகட்டில் துளை வெட்டுதல்

கதவு இல்லாத தகட்டில் சிலர் தாமே துளை வெட்டிக்கொள்கின்றனர். நேரம் மிச்சமாகும் என்பது உண்மை. எனினும் வெட்டிய இடத்தில் தகட்டின் விறைப்பு குறைகிறது. நீர் புகுகிறது. கூர்மூலைகளிலிருந்து விரிசல் தொடங்குகிறது. வெட்டுவதாயின் தகட்டைக் கழற்றி வைத்த பிறகே, மூலைகளை வட்டமாக்கி வெட்ட வேண்டும். பொருத்திய நிலையில் வெட்டினால் மேலே உள்ள குழாய்களும் கம்பிகளும் சேதமாகலாம். உத்தரவாதக் காலத்தில் உள்ள வண்டியில் வெட்டாமல் இருப்பது நல்லது.

தகடு இல்லாமல் ஓட்டுதல்

தகடு இல்லாமல் சில நாட்கள் ஓட்டினால் பொறி உடனே கெட்டுவிடாது. எனவே அவசரத்தில், உடைந்து தொங்கும் தகட்டைக் கழற்றிவிட்டு ஓட்டுவது, அதைத் தொங்கவிட்டபடி ஓட்டுவதைவிட நல்லது. ஆனால் நிலையாக அவ்வாறு விடுவதால் மேலே கூறிய பயன்கள் அனைத்தும் இழக்கப்படுகின்றன. மழைக்காலத்தில் வார்ப்பட்டையும் மின் இணைப்பிகளும் முதலில் பாதிக்கப்படும்.

உலோகக் காப்புத் தகடுகள்

உயரமான வேகத்தடைகளும் பள்ளங்களும் உள்ள இடங்களில், நெகிழித் தகட்டுக்கு மாற்றாக எஃகுத் தகடு பொருத்துவோர் உண்டு. இது தேக்கியை அடிபடாமல் காக்கும். ஆனால் எடை கூடும், தரையிடைவெளி சற்றுக் குறையும். வடி துளைக்கு நேரே திறப்பு இல்லாத தகடாயின், ஒவ்வொரு எண்ணெய் மாற்றத்திலும் கனமான தகட்டைக் கழற்ற நேரும். அதைப் படுத்தபடி தனியாளாக இறக்குவது ஆபத்தானது. அடியில் ஜாக்கி வைத்துத் தாங்கி இறக்க வேண்டும். குளிர்காற்று வெளியேறும் வழிகளை அது அடைத்துவிடக்கூடாது என்பதையும் வாங்கும் முன் பார்க்க வேண்டும்.

கழிவெண்ணெய்

பயன்படுத்திய பொறி எண்ணெயில் முழுமையாக எரியாத எரிபொருளிலிருந்து வந்த நச்சுச் சேர்மங்களும் உலோகத் துகள்களும் உள்ளன. நீண்டகாலம் தோலில் படுவது புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடும் என்பதால் கையுறை அணிய வேண்டும். ஒரு முறை எண்ணெய் மாற்றும்போது கிடைக்கும் கழிவெண்ணெய் 10 லட்சம் கேலன் நன்னீரை மாசுபடுத்த வல்லது என அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கூறுகிறது. இந்தியாவில் இது 2016 ஆம் ஆண்டின் விதிகளின்படி ஆபத்தான கழிவுகளுள் ஒன்று. எனவே கழிவெண்ணெயைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாமல், மூடியுள்ள கலத்தில் சேர்த்து, மறுசுழற்சிக்கு அனுப்பும் பட்டறையிடம் ஒப்படைக்க வேண்டும். தகட்டைத் துடைத்த துணிகளும் இவ்வகைக் கழிவே ஆகும்.

பட்டறையில் கொடுக்கும்போது

பட்டறையில் எண்ணெய் மாற்றினாலும் உரிமையாளர் சிலவற்றைத் தாமே பார்த்துக்கொள்ளலாம். வண்டியை எடுக்கும் முன் குனிந்து முன் விளிம்பு சீராக உள்ளதா, பிணைப்பான்கள் எல்லாம் இடத்தில் உள்ளனவா எனப் பார்க்கலாம். விடுபட்ட கிளிப்பு இருந்தால் அங்கேயே கேட்டுப் போடச் செய்யலாம். அதன் விலை மிகக் குறைவு. வீடு வந்ததும் அளவுக்கோலைப் பார்த்து, ஓரிரு நாட்களுக்குப் பின் மீண்டும் ஒருமுறை பார்க்கலாம். ஓட்டத்தில் அடியிலிருந்து படபடவென்ற ஒலியோ உராயும் ஒலியோ கேட்டால், பாதுகாப்பான இடத்தில் நிறுத்தித் தகட்டைச் சரிபார்க்க வேண்டும். எண்ணெய் அழுத்த விளக்கு எரிந்தால் அடுத்த ஊர் வரை ஓட்டிப் பார்ப்பது கூடாது. உடனே ஓரம் கட்டிப் பொறியை நிறுத்திவிட வேண்டும்.